ஜன்னலை மறைத்த சந்தனவேம்பு

மருதாயி அக்காவை நான் முதலில் பார்த்தது 1978 தை மாதத்தில். கையில் ஒரு இன்லண்டு கடிதத்தோடு வந்து நின்றார். போடிநாயக்கனூரில் ஓர் ஏலக்காய்க் கமிஷன் கடையில் நான் கிளார்க்காகச் சேர்ந்து அப்போது இரண்டு மாதம் ஆகியிருந்தது. பொட்டிபுரத்தில் எங்கள் தெருவில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான்தான். கடைச் சீட்டில் கையெழுத்துப் போடும்போதுகூடப் பெயருக்குப் பின்னால் பி.ஏ. என்று போட்டுக்கொண்டிருந்தேன்.

கடைக்குப் பின்னால் சரக்கு வைக்கும் கிட்டங்கி. அங்கே முப்பது பெண்கள் சுளகை முன்னால் வைத்துக்கொண்டு காய் பொறுக்குவார்கள். பச்சை தனி, வெளுத்தது தனி, வெடித்தது தனி. அவர்கள் யாரும் கடைக்குள் காலெடுத்து வைப்பதில்லை. இவர் நேராக வந்து என் மேசையில் கடிதத்தை வைத்தார்.

“பி.ஏ.ங்கிறது நீங்கதானா அப்பு?”

“ஆமா.”

“நிக்காமப் படிப்பீங்கள்ல? முன்னால இருந்தவரு எழுத்துக் கூட்டிக் கூட்டிப் படிப்பாரு. காயிதம் முடியறதுக்குள்ள கஞ்சி ஆறிப்போகும்.”

கிட்டங்கி வாசலில் பெண்கள் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. ஒரு மூச்சில் படித்துக் காட்டினேன். மதுரையில் அரசாங்க ஆபீஸ் ஒன்றில் வேலை பார்க்கும் அவருடைய தம்பி திருப்பதி எழுதியிருந்தார். மொத்தம் ஐந்து வரி. தானும் மனைவி சந்திரவல்லியும் சுகம், ஆபீசில் வேலை அதிகம், பொங்கலுக்கு வர முடியவில்லை. கடைசி வரி: “மலை வீட்டு வேலை எந்த மட்டில் இருக்கிறது?”

கடைசி வரியை மட்டும் இன்னும் இரண்டு தடவை படிக்கச் சொன்னார்.

“அவனாக் கேட்டிருக்கான் பாத்தீங்களா? நான் எழுதலை. அவனாக் கேட்டிருக்கான்” என்று சொல்லிக் கடிதத்தை வாங்கி, மடிப்புக் கலையாமல் இடுப்பில் செருகிக்கொண்டு சுளகுக்குப் போனார்.

அப்போது அவருக்கு முப்பத்தேழு வயது. அப்பா மலைச்சாமி இறந்தபோது தம்பிக்குப் பதினாறு. அம்மா அதற்கு முன்பே போய்விட்டார். கிட்டங்கியில் காய் பொறுக்கித்தான் தம்பியை மதுரையில் காலேஜில் சேர்த்துப் படிக்க வைத்தார். கல்யாணப் பேச்சு வரும்போதெல்லாம் ‘அவன் படிப்பு முடியட்டும்’ என்று தள்ளினார். படிப்பு முடிந்தபோது பேச்சு வருவது நின்றுபோயிருந்தது. இதை அவர் ஒரு குறையாகச் சொல்லி நான் கேட்டதில்லை. “நான் பி.ஏ. படிக்க வைச்சேன், உங்களை யாரு படிக்க வைச்சா?” என்று என்னிடம் கேட்பார். என் அம்மா களையெடுத்துப் படிக்க வைத்தார் என்று சொன்னேன். அன்றிலிருந்து என் மேசைக்கு வெள்ளிக்கிழமைதோறும் அவித்த மொச்சை வந்தது.

திருப்பதிக்கு 1977 ஆவணியில் மதுரையிலேயே கல்யாணம் ஆனது. பெண் டவுனில் பிறந்து வளர்ந்தவர். மறுவீட்டுக்குப் போடி வந்தார்கள். அக்காவின் வீடு கிட்டங்கிச் சந்தில் ஒரே ஓர் அறை. ஜன்னல் இல்லை. கக்கூஸ் இல்லை. சுவர் முழுக்க ஏலக்காய் நெடி. இரண்டு நாள் தங்க வந்தவர்கள் அன்று சாயந்திர வண்டிக்கே கிளம்பிவிட்டார்கள். சந்திரவல்லி எதுவும் சொல்லவில்லையாம். நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். வண்டி நகரும்போது திருப்பதி ஜன்னல் வழியாகச் சொன்னது இதுதான்:

“மலையில அப்பா கட்டின வீடு சும்மாதானக்கா கெடக்கு. அதச் சரி பண்ணிப் போட்டா சனி ஞாயிறு வந்து இருந்துட்டுப் போவோம்ல.”

ரயில் நகரும்போது மனிதர்கள் ஏதாவது ஒன்றைச் சொல்வார்கள். அப்படிச் சொன்னதுதான் அது. அக்கா அதைப் பிடித்துக்கொண்டார்.

குரங்கணிக்கு ஜீப்பில் போய், அங்கிருந்து இரண்டரை மணி நேரம் ஏறினால் அந்த வீடு. மலைச்சாமி குத்தகைக்கு எடுத்த மூன்று ஏக்கர் ஏலக்காட்டின் மேல் முனையில் இருந்தது. கல்லும் மண்ணும் வைத்துக் கட்டிய இரண்டு அறை. அவர் செத்த பிறகு செடிக்குக் கட்டை நோய் வந்து காடு காய்ப்பு நின்றது. ஒன்பது வருடம் யாரும் போகவில்லை. அக்கா முதலில் போய்ப் பார்த்தபோது கூரை உட்கார்ந்திருந்தது. ஓர் அறையில் காட்டுமாடு படுத்தெழுந்த சாணி முழங்கால் உயரம். இன்னொன்றில் வௌவால்.

ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் விடியும் முன்னே ஜீப்பைப் பிடிப்பார். கூரைக்குத் தகரம் இருபது வேண்டியிருந்தது. ஒரு தடவைக்கு இரண்டு என்று தலையில் வைத்து ஏறினார். எதிர்க்காற்று அடிக்கும் இடங்களில் தகரத்தோடு மண்டியிட்டு உட்கார்ந்து, காற்று விட்டதும் எழுந்து நடப்பாராம். கீழ்ச் சரிவில் குடிசை போட்டிருந்த மொக்கையன் என்ற மலைக்கூலிதான் அவருக்குத் துணை. ஐம்பது வயது. பாதி வாழ்க்கை கேரளத்து எஸ்டேட்டுகளில் கழிந்த ஆள். எதற்கெடுத்தாலும், பரவாயில்லை என்பதற்கு மலையாளத்தில் “சாரமில்லை” என்பார். சுவர் சாய்ந்தாலும் சாரமில்லை, பாம்பு வந்தாலும் சாரமில்லை.

கக்கூஸுக்குக் குழி தோண்டச் சொன்னபோது மட்டும் அவர் மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டார்.

“ஏ ஆத்தா, இந்த மலை முச்சூடும் கக்கூசுதான். அதுல ஒரு குழியத் தோண்டி அதுக்குக் கதவும் போடணுங்கிற. காட்டுமாடு வந்து கதவத் தட்டிட்டு நிக்கவா?”

“அண்ணே, மதுரையிலேருந்து வர்ற புள்ளை. நீ சோலியப் பாரு.”

“உன் தம்பி வந்தா எனக்கு ஒரு டெரிலின் சட்டை.”

“வரட்டும், ரெண்டா வாங்கித் தரச் சொல்றேன்.”

போடியில் இடித்த ஒரு பழைய வீட்டிலிருந்து ஜன்னல் ஒன்றை வாங்கினார். இரண்டு கதவு வைத்தது. அதை முதுகில் கட்டிக்கொண்டு ஏறினார். இரும்புக் கட்டிலைக் கழற்றிக் கழுதையில் ஏற்றினார். அட்டை ஏறாமல் வீட்டைச் சுற்றிச் சாம்பலும் சுண்ணாம்பும் கொட்டினார். இதையெல்லாம் ஒவ்வொன்றாக நான் கடிதத்தில் எழுதி மதுரைக்கு அனுப்பினேன். பதில் இரண்டு மாதத்துக்கு ஒன்று வரும். ஆபீஸ் பரீட்சை இருக்கிறது, சந்திராவின் தங்கைக்குக் கல்யாணம், அடுத்த மாதம் பார்ப்போம். ஒரு கடிதத்தின் அடியில் மட்டும் வேறு கையெழுத்தில் ஒரு வரி இருந்தது. “ஜன்னல் எத்தனை அடி? — சந்திரா.”

அக்கா அன்று சுளகைத் தொடவில்லை. “ஏன் கேக்குறா அப்பு? சின்னதா இருக்குமோன்னு பயப்படுறாளோ?” என்று நாலைந்து தடவை வந்து கேட்டார். மூன்றடி அகலம், நாலடி உயரம் என்று அளந்து எழுதினோம்.

அந்த வருடம் மார்கழியில் வீடு முடிந்தது. மதுரைக்காரர்கள் வரும் முன்பு நான் ஒரு தடவை வந்து பார்க்க வேண்டும் என்றார். “நீங்க படிச்சவரு. உங்களுக்கு ஒப்புச்சுன்னா அவளுக்கும் ஒப்பும்.” எனக்கு அது பெருமையாக இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சலவைச் சட்டை போட்டுக்கொண்டு ஏறினேன்.

உண்மையிலேயே அழகான வீடு. வெள்ளையடித்த சுவர், மெழுகிய தரை, கட்டிலில் புது ஜமுக்காளம். சுவரில் ஒரு கண்ணாடி. சந்திரவல்லியின் உயரத்தை யோசித்து அடித்திருந்தார். என்னைக் கட்டிலில் உட்கார வைத்து, படுத்துப் பார்க்கச் சொல்லி, ஜன்னல் வழியே பார்க்கச் சொன்னார். பார்த்தேன். எதிரே பத்தடியில் ஒரு சந்தனவேம்பு நின்றது. மூன்று பேர் சேர்ந்து கட்டிப்பிடிக்க வேண்டிய பருமன். அதைத் தவிர ஒன்றும் தெரியவில்லை.

காலேஜில் ஒரு முறை எங்களைக் கொடைக்கானல் கூட்டிப் போயிருந்தார்கள். சமவெளி தெரிகிற இடத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டோம். அந்த ஞாபகத்தில் நான் சொன்னேன்:

“எல்லாம் நல்லாருக்குக்கா. இந்த மரம் மட்டும் இல்லேன்னா வைகை அணை வரைக்கும் தெரியும். டவுன்ல இருந்து வர்றவங்க அதுக்குத்தான் வருவாங்க.”

சொல்லிவிட்டுக் கருப்பட்டிக் காப்பி குடித்தேன். அக்கா ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏலக்காட்டுக் குத்தகையில் செடி நமக்கு, மரம் சர்க்காருக்கு. பச்சை மரத்தை வெட்டினால் கேசு. இது மலையில் எல்லோருக்கும் தெரியும். அதற்கு ஒரு வழியும் எல்லோருக்கும் தெரியும். முழங்கால் உயரத்தில் மரத்தைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்குப் பட்டையை உரித்துவிட்டு, அதன்மேல் சேற்றைப் பூசிப் பாசியை ஒட்டிவிடுவார்கள். வளையம் போடுவது என்று பெயர். மரம் நின்றபடியே ஒரு வருடத்தில் சாகும். பிறகு, பட்டுப்போன மரம், அகற்ற அனுமதி தேவை என்று காட்டிலாகாவுக்கு மனு கொடுப்பார்கள். பட்டுப்போன மரத்துக்கு அனுமதி கிடைக்கும்.

தை முதல் ஞாயிற்றுக்கிழமை மொக்கையன் அந்த மரத்துக்கு வளையம் போட்டார். பாசியை அக்கா ஒட்டினார். எனக்கு அது அப்போது தெரியாது.

1979 முழுவதும் அந்த மரம் செத்துக்கொண்டிருந்தது. மாசியில் துளிர்த்த இலை வைகாசியில் பழுத்தது. அந்த வருடம்தான் சந்திரவல்லிக்கு ஆண் குழந்தை பிறந்தது. அதனால் அவர்கள் வர முடியவில்லை. பேர் வைக்க அக்கா மதுரை போய் ஒரு நாள் இருந்துவிட்டு வந்தார். வந்து, குழந்தையின் கை எவ்வளவு இருந்தது என்று ஓர் ஏலக்காயை எடுத்து என் மேசையில் வைத்து, “உள்ளங்கை இம்புட்டுத்தான்” என்றார்.

1980 மாசியில் மரம் துளிர்க்கவே இல்லை. என்னிடம் வந்து மனு எழுதச் சொன்னார். இங்கிலீஷில் எழுதினேன். ‘இயற்கையாகவே பட்டுப்போன’ என்பதற்கு நல்ல ஒரு சொற்றொடர் தேடிப் போட்டேன். சித்திரையில் காட்டிலாகா கார்டு ஒருவர் வந்து பார்த்தார். மரத்தைச் சுற்றி வந்தார், குனிந்தார், செருப்பு நுனியால் பாசியைச் சுரண்டினார். அப்படியே இறங்கிப் போய்விட்டார். அனுமதி வரவில்லை.

அன்றுதான் அக்கா என்னிடம் வளையத்தைப் பற்றிச் சொன்னார்.

“ஏன்க்கா இப்படிப் பண்ணீங்க?”

“நீங்கதான அப்பு சொன்னீங்க, மரம் இல்லேன்னா நல்லாருக்கும்னு.”

குற்றம் சாட்டும் குரலில் அவர் அதைச் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னார், அவ்வளவுதான்.

பதினைந்து நாள் கழித்து மதுரையிலிருந்து கடிதம் வந்தது. ஆனி மாதம் மூன்றாவது சனிக்கிழமை, குழந்தையோடு காலை வண்டியில் வருகிறோம், இரண்டு நாள் மலை வீட்டில் தங்குகிறோம் என்று திருப்பதி எழுதியிருந்தார். இரண்டே முக்கால் வருடம் காத்திருந்த கடிதம். படித்து முடித்தபோது அக்காவின் முகத்தில் சந்தோஷம் வரவில்லை.

“ஆனியா?” என்றார்.

ஆனியில் மேற்குக் காற்று மலை இடுக்கு வழியாக இறங்கும். போடியில் கிட்டங்கிக் கதவை இரண்டு பேர் சேர்ந்து சாத்த வேண்டும். அந்தக் காற்றில், பட்ட மரத்துக்குப் பத்தடியில், அந்தக் கட்டிலில் குழந்தை படுக்கும்.

“வர வேணாம், ஆவணியில வாங்கன்னு எழுதிருவோமாக்கா?”

“வேணாம்னு நான் எப்படி அப்பு எழுதுவேன்? இம்புட்டு நாள் வா வான்னு எழுதுன கையி. ஒருக்கா வேணாம்னு சொன்னா அப்புறம் வருவானா?”

நான் காட்டிலாகா ரேஞ்சு ஆபீசுக்கு மூன்று தடவை நடந்தேன். பட்டம் வாங்கியவன் போய்ப் பேசினால் நடக்கும் என்று நினைத்தேன். ‘விசாரணையில் இருக்கிறது’ என்றார்கள். அங்கே யாரும் என்னை உட்காரக்கூடச் சொல்லவில்லை.

ஆனி இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை அக்கா மேலே போனபோது தொடைப் பருமனில் ஒரு கிளை விழுந்து கக்கூஸ் தகரத்தை நசுக்கியிருந்தது. அப்போதுதான் முடிவு செய்தார். அனுமதி இல்லாமல் வெட்டினால் குத்தகை போகும். குத்தகைப் பத்திரத்தில் அக்காளும் தம்பியும் இருவருமே இருந்தார்கள். அப்பா செத்தபோது ஆண் வாரிசு பெயரும் வேண்டும் என்று சேர்த்தது. கேசு வந்தால் அரசாங்க வேலையில் இருப்பவனுக்கும் நோட்டீசு போகும். இதையெல்லாம் நான் எடுத்துச் சொன்னேன்.

“வேலை போனா வேற வேலை. புள்ளை மேல விழுந்தா?” என்றார்.

வெள்ளிக்கிழமை, அவர்கள் வருவதற்கு முதல் நாள், அக்காவும் மொக்கையனும் மொக்கையனின் மச்சினனும் வெட்டினார்கள். நடந்ததை மொக்கையன் பிறகு எனக்குச் சொன்னார். காற்று பள்ளத்தைப் பார்த்து அடித்தது; மரமும் பள்ளத்துப் பக்கம்தான் விழ வேண்டும். கீழே இரண்டு மரங்களில் வடம் கட்டி இழுத்துப் பிடித்திருந்தார்கள். அக்காதான் ஒரு வடத்தைப் பிடித்திருந்தார். பாதிக்கு மேல் கோடரி இறங்கியபோது காற்று நின்றது. நின்ற காற்று எதிர்ச்சரிவில் மோதித் திரும்பி வந்தது. பட்ட மரத்துக்கு வளையும் குணம் கிடையாது. வளையம் போட்ட இடத்தில் படாரென்று முறிந்து பின்னால் சாய்ந்தது.

வடத்தை விடச் சொல்லி மொக்கையன் கத்தியிருக்கிறார். அக்கா விடவில்லை. ஆறேழு அடி தரையோடு இழுத்துப் போனது. இரண்டு உள்ளங்கையிலும் தோல் இல்லை.

மரம் வீட்டின் நடுவில் கிடந்தது. ஜன்னல், கட்டில், கண்ணாடி எல்லாம் அதன் அடியில்.

“சாரமில்லைன்னு சொல்ல வாயெடுத்தேன் தம்பி,” என்றார் மொக்கையன். “அந்தப் பொம்பள மூஞ்சியப் பாத்துட்டு வாய மூடிக்கிட்டேன்.”

மறுநாள் காலை நான் ஸ்டேஷனுக்குப் போனேன். அவர்களோடு மலைக்கு நானும் போவதாக ஏற்பாடு. அக்கா பிளாட்பாரத்தில் நின்றுகொண்டிருந்தார். புதுச் சேலை. இரண்டு கையிலும் துணி சுற்றி, மேலே முந்தானையைப் போர்த்தியிருந்தார். நாலு வார்த்தையில் விஷயத்தைச் சொன்னார்.

“இப்ப என்னக்கா செய்ய?”

“ஆனை எறங்கிருச்சுன்னு சொல்லிருவோம். மேல போக முடியாதுன்னு. நீங்களும் சொல்லணும். நான் சொன்னா அவன் நம்புவான். நீங்க சொன்னா அவளும் நம்புவா.”

வண்டி வந்தது. திருப்பதி பெட்டியோடு இறங்கினார். பின்னால் குழந்தையோடு சந்திரவல்லி. இரண்டு வருடமாக என் மனதில் இருந்த சந்திரவல்லி வேறு மாதிரி. இவர் ஒல்லியாக, கூச்சமாக இருந்தார். குழந்தையை அக்காவிடம் நீட்டினார். அக்கா கையை நீட்டாமல் கன்னத்தைக் குழந்தையின் வயிற்றில் வைத்தார்.

“கையில என்ன மதினி?”

“கஞ்சிப்பானை கொட்டிருச்சு தாயி.”

யானைக் கதையை நான் சொன்னேன். நன்றாகவே சொன்னேன். ஐந்து யானை, ஒன்று குட்டி, கார்டு எச்சரித்திருக்கிறார் என்று சேர்த்துக்கொண்டேன். திருப்பதி முகம் வாடிவிட்டது. சந்திரவல்லி, “பரவால்ல, மதினி வீட்டுலயே இருப்போம். அன்னைக்கு நான் அப்படி எழுந்திரிச்சுப் போயிருக்கக் கூடாது. தலைவலி தாங்க முடியலை, சொல்லவும் தெரியலை” என்றார்.

அந்த இரண்டு நாளும் அவர்கள் அந்த ஜன்னல் இல்லாத ஒற்றை அறையில் இருந்தார்கள். சந்திரவல்லி அடுப்பைப் பற்ற வைத்தார், அக்காவுக்கு ஊட்டிவிட்டார். குழந்தை கிட்டங்கியில் ஏலக்காய்ச் சருகுக்குள் உருண்டது. பொறுக்குகிற பெண்கள் சோலியை விட்டுவிட்டு அதோடு விளையாடினார்கள். திருப்பதி ஏதோ சொல்ல அக்கா சிரித்ததை நான் கடையிலிருந்து கேட்டேன். அத்தனை வருடத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் கேட்டதில்லை. அவர்கள் வருவதற்கு வீடே தேவையாக இருக்கவில்லை. வீட்டைப் பற்றி அவர்கள் கேட்கும்போதெல்லாம் அக்கா பொய் சொன்னார். தகரம் ஒழுகவில்லை, ஜன்னல் நன்றாகத் திறக்கிறது, கட்டில் ஆடவில்லை.

ஞாயிறு சாயந்திரம் வண்டி ஏறும்போது சந்திரவல்லி பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து அக்காவின் முழங்கை மடிப்பில் வைத்தார். மஞ்சள் பூப்போட்ட திரைச்சீலை, இரண்டு. ஓரம் மடித்துக் கையாலேயே தைத்தது. மூன்றடி அகலம், நாலடி உயரம்.

“அளவு கேட்டு எழுதினேன்ல மதினி. அடுத்த தடவை நானே மாட்டுறேன்.”

வண்டி போன பிறகு அக்கா பிளாட்பாரத்துக் கல்லில் உட்கார்ந்தார்.

“ஆவணிக்குள்ள திரும்பக் கட்டிருவேன் அப்பு. தகரம் பாதி நெளியாம இருக்கு. அவங்களுக்குத் தெரியவே வேணாம்.”

கையில் கட்டுப் பிரிக்கும் முன்பே அடுத்த ஞாயிறு ஏறினார். மரத்தை வெட்டி அகற்றக்கூடாது, அப்படியே கிடக்க வேண்டும் என்று கார்டு கயிறு கட்டி வைத்திருந்தார். கயிற்றுக்கு வெளியே நின்று, சுவரில் எந்தக் கல் உபயோகப்படும் என்று எண்ணிவிட்டு இறங்கினாராம். அடுத்த வாரமும் போனார். அதற்கடுத்த வாரமும்.

ஆடி பிறந்ததும் நோட்டீசு வந்தது. ஒன்று போடிக்கு, ஒன்று மதுரைக்கு. மரத்தில் வளையம் போட்டது, அனுமதியின்றி வெட்டியது, அது வீட்டின்மேல் விழுந்தது, தேதி, கிழமை எல்லாம் அதில் இருந்தது. பத்து நாள் கழித்துத் திருப்பதியின் கடிதம் வந்தது. அக்கா அதைக் கொண்டுவந்து வழக்கம்போல என் மேசையில் வைத்தார்.

“அக்கா, நோட்டீஸ் கிடைத்தது. மரம் விழுந்தது வெள்ளிக்கிழமை. நாங்கள் வந்தது சனிக்கிழமை. யானை என்று சொன்னாய்.”

 அடுத்த வரியில் நின்று, அதைத் தாண்டி அதற்கடுத்ததைப் படித்தேன். “நிலத்தில் எனக்கு எந்தப் பாத்தியதையும் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். சந்திராவின் அப்பா சொல்லித்தான் செய்தேன்.”

“நடுவுல ஒரு எடத்துல நின்னீங்க அப்பு” என்றார் அக்கா. “நீங்க நிக்காமப் படிக்கிற ஆளு. அங்க என்ன இருக்கு?”

படித்தேன். “பட்ட மரத்துக்கு அடியில் என் பிள்ளையைப் படுக்க வைக்கவா இரண்டு வருடமாகக் கூப்பிட்டாய்?”

கிட்டங்கியில் சுளகுச் சத்தம் நின்றிருந்தது.

“அக்கா, நான் எழுதுறேன். மரம் மறைக்குதுன்னு சொன்னது நான்தான்னு எழுதுறேன். பிள்ளைக்காகத்தான் வெட்டினீங்கன்னு எழுதுறேன்.”

“வேணாம். அவன் கேக்குறது நியாயந்தான்.” துணி சுற்றிய கையை மேசைமேல் வைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார். “மரம் சாகுறத வாரா வாரம் பாத்துக்கிட்டுத்தான வாங்க வாங்கன்னு உங்ககிட்ட எழுதச் சொன்னேன். நீங்க வாயால சொன்னதுதான். பாசிய ஒட்டுனது நானு.”

அவருக்குத் தெரியாமல் நான் நாலு பக்கம் எழுதி மதுரைக்கு அனுப்பினேன். நான் எழுதிய கடிதங்களிலேயே அதுதான் நன்றாக வந்தது. பதில் இல்லை. மறுபடி எழுதினேன். முகவரிதாரர் மாற்றலாகிப் போய்விட்டார் என்று திரும்பி வந்தது.

1981 பங்குனியில் குத்தகை ரத்தானது. அக்காவின் நிலைமையைப் பார்த்து, கேசு போடாமல் எச்சரித்து விட்டார்கள். மொக்கையன் அதற்கு முன்பே பூப்பாறைப் பக்கம் போய்விட்டார். நிலத்தை ஒப்படைக்கும் முன் வீட்டில் இருக்கிற சாமானை எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். அக்கா நெளியாத தகரங்களை எடுத்தார். பன்னிரண்டு. இரண்டிரண்டாகத் தலையில் வைத்து ஐந்து ஞாயிற்றுக்கிழமை இறக்கினார். ஒரு தடவை நானும் கூடப் போய் இரண்டைத் தூக்கி வந்தேன். குரங்கணிக்கு வருவதற்குள் மூன்று இடத்தில் உட்கார்ந்தேன், அவர் உட்காரவில்லை. மேலே, ஜன்னல் இருந்த இடத்திலிருந்து பார்த்தால் வைகை அணை தெரிந்தது. அவர் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

இது 1988. நான் இப்போது தேனியில் வேலை பார்க்கிறேன். பெயருக்குப் பின்னால் பி.ஏ. போடுவதில்லை. மருதாயி அக்காவுக்கு நாற்பத்தேழு வயது. அதே கிட்டங்கியில் காய் பொறுக்குகிறார். உள்ளங்கைத் தோல் இறுகிவிட்டதால் சுளகை முன்போலப் பிடிக்க முடியாது. அவருக்கு வெடித்த காயைப் பிரிக்கிற வேலையை மட்டும் கொடுத்திருக்கிறார்கள். அவருடைய வீட்டுக் கூரையில் அந்தப் பன்னிரண்டு தகரமும் கிடக்கிறது. திரைச்சீலை இரண்டும் தகரப்பெட்டியில் மடித்தபடி இருக்கிறது. அந்த வீட்டில் ஜன்னல் இல்லை. திருப்பதி திருச்சியில் இருப்பதாகக் கேள்வி. பையனுக்கு ஒன்பது வயது ஆகியிருக்கும். அவர்கள் வரவில்லை.